பல் செட்: சாமான் ஒன்று, பக்குவம் வேறு!

பெங்களூர் சிட்டி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் தமிழ்த் தொழிலாளி ஒருவருக்கு மேல் வரிசையில் ஒரு முன்பல் போய்விட்டது. தை மாதம் ஊரில் மகள் கல்யாணம். பத்து நாள்தான் இருந்தது. நடைபாதையில் கண்ணாடிப் பெட்டியில் பற்களைப் பரப்பி வைத்திருந்தவரிடம் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் பல் வந்துவிட்டது! கழற்ற முடியாதபடி பக்கத்துப் பற்களோடு கம்பி சுற்றிக் கட்டியாகிவிட்டது.

கல்யாண போட்டோவில் சிரிப்பு நன்றாகத்தான் விழுந்தது. ஆடி மாதத்துக்குள் ஈறு வீங்கி, வாடை அடித்து, கம்பி கட்டிய இரண்டு நல்ல பற்களும் ஆட ஆரம்பித்தன. ஒரு பல்லுக்குப் போனவர் மூன்று பற்களை இழந்து நின்றார்.

"ஆஸ்பத்திரியில் வைப்பதும் இதே ரோஸ் கலர் சாமான்தானே?" என்று அவருடைய கூட்டாளிகள் கேட்டார்களாம். நியாயமான கேள்வி. சாமான் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைப் பக்குவப்படுத்துவதில்தான் வித்தியாசம் எல்லாம்.

தூளும் திரவமும்

பல் செட்டின் அடித்தட்டு அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். 1930-களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். அதில் ஈறின் நிறம் வரவே வராது.

மூன்று பங்கு தூளும் ஒரு பங்கு திரவமும் கலந்தால் பிசைந்த மாவு போல வரும். திரவத்தை மட்டும் இறுகவிட்டால் கன அளவில் 21 சதவீதம் சுருங்கிவிடும். தூள் சேர்வதால் அது 7 சதவீதமாகக் குறைகிறது.

முறைப்படி செய்கிறவர்கள் இந்த மாவை, வாயில் அளவெடுத்துச் செய்த அச்சில் திணித்து, இறுக்கி, தண்ணீரில் வைத்து மெல்லச் சூடாக்குவார்கள். 74 டிகிரி செல்சியஸ் சூட்டில் எட்டு மணி நேரம் என்பது ஒரு கணக்கு. அவசரப்பட்டால் காரியம் கெட்டது! மாவு இறுகும்போது தானாகவும் சூடு கிளப்பும். இரண்டு சூடும் சேர்ந்து 100 டிகிரியைத் தாண்டினால் திரவம் கொதித்து உள்ளே குமிழி விழும். குமிழி விழுந்த செட்டில் பலம் குறையும், அழுக்கும் தங்கும்.

அரை மணி வேலை

நடைபாதையில் அடுப்பும் இல்லை, அச்சும் இல்லை. சூடு காட்டாமலே சில நிமிடங்களில் இறுகும் ரகத்தை வாயிலேயே அப்பிவிடுகிறார்கள். அந்த ரகத்தின் மேல் குற்றமில்லை. உடைந்த செட்டைச் சரிசெய்யவும், தற்காலிகப் பல்லுக்கும் டாக்டர்களும் அதை உபயோகிக்கிறார்கள். ஆனால் சூட்டில் பக்குவமான அக்ரிலிக்கில் இறுகாமல் தங்கும் திரவம் 0.2 முதல் 0.5 சதவீதம் வரைதான். இதில் 3 முதல் 5 சதவீதம் வரை! அது கசிந்து ஈறை எரிக்கும். கழற்றிக் கழுவவும் வழியில்லை. சோற்றுப் பருக்கை அடியில் சிக்கி அழுகும்.

பதிவு பெறாதவர்கள் பல் வைத்தியம் செய்யக்கூடாது என்று 1948-ம் ஆண்டுச் சட்டமே சொன்னது.

இத்தனைக்கும் 1958-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி, விக்டோரியா ஆஸ்பத்திரியை ஒட்டிக் கோட்டைப் பகுதியில்தான் இருக்கிறது. மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் அளவெடுக்க ஒரு நாள், கடி பார்க்க ஒரு நாள், மெழுகில் வைத்துப் பார்க்க ஒரு நாள் என்று நாலைந்து நடை ஆகும். ஒவ்வொரு நடைக்கும் கூலி போகும். தினக்கூலிக்காரர்கள் நடைபாதையில் உட்காருவதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல.

வெந்நீர் ஆகாது

செட் கட்டிக்கொண்டவர்கள் அதைக் கொதிநீரில் போடக்கூடாது, கோணிவிடும். ஈரம் குடித்து நிற்கும் பொருள் என்பதால் காயவிடவும் கூடாது. பற்பொடி, உப்பு போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். சோப்பும் மெல்லிய பிரஷும் போதும். கழுவும்போது கீழே தண்ணீர் வாளி இருக்கட்டும்; சிமெண்ட் தரையில் விழுந்தால் இரண்டு துண்டுதான். உடைந்தால் கடைப் பசையால் ஒட்டாமல் துண்டுகளை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

அந்த மார்க்கெட் தொழிலாளி இப்போது கழற்றி மாட்டும் மூன்று பல் செட் வைத்திருக்கிறார். ஐந்து நாள் கூலி போயிற்று. இரவில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வைக்கிறார்.