நாற்காலி இருந்தது, சர்வகலாசாலை இல்லை!

நீங்கள் ஒரு புதிய உத்தியோகத்தில் போய்ச் சேருகிறீர்கள். முதல் நாள் என்ன எதிர்பார்ப்பீர்கள்? ஒரு மேஜை, ஒரு நாற்காலி, "வாருங்கள் ஸார்" என்று சொல்ல ஒரு பியூன், முன்பிருந்தவர் விட்டுப் போன ஒரு கட்டு பைல். முன்பிருந்தவரைத் திட்டிக்கொண்டே முதல் மாதத்தை ஓட்டி விடலாம்!

வால்டர் பெரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1969 ஜனவரியில் பிரிட்டனின் 'திறந்த சர்வகலாசாலை'க்கு முதல் துணைவேந்தராக அவர் வேலை ஏற்றபோது, அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் யாருமே உட்கார்ந்ததில்லை. மாணவர் இல்லை, பாடம் இல்லை, கட்டடம் இல்லை. லண்டனில் ஒரு தற்காலிக ஆபீஸ் இருந்தது. ராஜ சாசனம்கூட ஏப்ரல் மாதம்தான் வந்தது. ஆனால் வேலைக்குக் கெடு மட்டும் வந்துவிட்டது: 1971 ஜனவரியில் பாடம் ஆரம்பமாக வேண்டும்!

பெரிக்கு அப்போது வயது 47. எடின்பரோவில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர். ஏழை எளியவருக்குக் கல்வி அளிக்கும் லட்சிய வெறி ஒன்றும் தமக்கு ஆதியில் இருக்கவில்லை என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்லூரிகளில் பாடம் நடத்தும் லட்சணத்தைப் பார்த்துச் சலித்தவர் அவர். டெலிவிஷன், ரேடியோ என்று புதுச் சாதனங்கள் வந்தால் போதனை உருப்படும் என்பது அவர் எண்ணம். இந்த மாதிரி உண்மை பேசும் துணைவேந்தர்கள் அபூர்வம்.

பிரதமர் ஹெரால்டு வில்சன், 1963-ல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது, 'ஆகாய சர்வகலாசாலை' என்று சொல்லி ஆரம்பித்து வைத்த விஷயம் இது. மந்திரி ஜென்னி லீ அம்மையார் விடாப்பிடியாக நின்று அதைக் காரியமாக்கினார். எதிர்க்கட்சியில் இயன் மக்லௌட் "சுத்தப் பிதற்றல்" என்று ஒரே போடாகப் போட்டார். 1970 ஜூன் தேர்தலில் அந்த எதிர்க்கட்சியே ஜெயித்தது. மக்லௌடே நிதி மந்திரி! பெரியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நியமனமானவர்கள் பழைய வேலைகளை விட்டுவிட்டு வந்தாயிற்று. பாடங்கள் பாதியில் நிற்கின்றன. பணப்பெட்டியின் சாவியோ அவர் கையில். ஒரு மாதத்தில் மக்லௌட் திடீரென்று காலமானார். கல்வி மந்திரியாக வந்த மார்கரெட் தாட்சர் திட்டத்தை மூடவில்லை. சர்வகலாசாலை பிழைத்தது.

சரி, பாடம் எப்படித் தயாராயிற்று? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஆகாய சர்வகலாசாலை என்று பெயர் கிளம்பியதே தவிர, பெரி கணக்குப் போட்டுப் பார்த்தபோது டெலிவிஷனுக்கும் ரேடியோவுக்கும் கிடைத்தது படிப்பில் ஒரு சிறு பங்குதான். முக்கிய வேலை அச்சுப் புத்தகத்துக்கும் தபால்காரருக்கும்! வழக்கமாகப் பேராசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு தம் இஷ்டப்படி போதிப்பார்; கேட்பாரில்லை. இங்கோ ஒரு பாடத்துக்கு ஒரு குழு. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் முகத்துக்கு நேரே கிழிகிழியென்று கிழிப்பார்கள். பி.பி.சி. தயாரிப்பாளரும் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பார். பல பெரிய மனிதர்களுக்கு இது கசந்திருக்கும். ஆனால் அப்படித் திருத்தாமல், வீட்டில் தன்னந்தனியே படிப்பவருக்குப் புரியும் புத்தகம் எழுதிவிட முடியுமா?

விஞ்ஞான மாணவருக்கு ஆய்வுக்கூடமே பெட்டியில் அடைத்து வீட்டுக்கு வந்தது. ரசாயனங்கள், கருவிகள், உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப் ஒன்று. சமையலறை மேஜையில் சோதனை! விடைத்தாள்களில் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டர் திருத்தியது, மீதியை ஆசிரியர்கள்.

சேர எந்தப் பரீட்சையும் பாஸ் செய்திருக்க வேண்டாம் என்றார்கள். 40,000 பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். சுமார் 24,000 பேருக்கு இடம் கிடைத்தது. 1971 ஜனவரியில் நான்கு அடிப்படைப் பாடங்களோடு வண்டி கிளம்பியது.

கிளம்பிச் சில வாரங்களுக்குள், ஜனவரி 20-ந் தேதி, நாடெங்கும் தபால் ஊழியர்கள் வேலை நிறுத்தம்!

தபாலையே நம்பிப் பிறந்த சர்வகலாசாலைக்கு இதைவிட என்ன சோதனை வேண்டும்? ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 47 நாட்கள். பெரியின் ஆட்கள் பாடக் கட்டுகளை வண்டிகளில் ஏற்றி ஊர் ஊராகப் படிப்பு மையங்களுக்கு அனுப்பினார்கள். ஆகாயத்தில் வந்த பாடம் மட்டும் தடையின்றி வந்துகொண்டிருந்தது. சிறு பங்கு என்று சொன்னோமே, அதே பங்குதான்!

அந்த டெலிவிஷன் பாடங்களைப் படம் பிடித்த இடம் லண்டனில் உள்ள அலெக்ஸாண்ட்ரா அரண்மனை. பி.பி.சி. 1936-ல் தன் டெலிவிஷன் ஒளிபரப்பைத் தொடங்கிய பழைய கட்டடம். 1973 ஜூனில் முதல் பட்டமளிப்பு விழாவையும் அங்கேயே வைத்தார்கள். பட்டம் வாங்க வந்தவர்களில் பலர், தங்கள் பேராசிரியர்களை அதுவரை டெலிவிஷன் பெட்டிக்குள் மட்டுமே பார்த்தவர்கள்.