பூட்டாத சாஃப்ட்வேர்

திருவனந்தபுரத்தின் காரியவட்டம் பகுதியில் உள்ள வைத்தியன்குன்னு என்ற மேட்டுநிலத்தில், 1990-ல் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவைத் தொடங்கியது கேரள அரசு. முதல் கட்டடங்களுக்குப் பம்பா, பெரியாறு என்று ஆறுகளின் பெயர். 1995-ல் பிரதமர் நரசிம்மராவ் வந்து டெக்னோபார்க்கை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கம்பெனிகள் வந்தன. ஆனால் அவற்றில் எழுதப்பட்ட சாஃப்ட்வேரில் பெரும்பகுதி வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கானது. ஆள் இங்கே, பொருள் அங்கே.

அதே நகரத்தில் 2001 ஜூலையில் வேறொரு காரியம் நடந்தது. அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து, இந்தியாவின் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். சாஃப்ட்வேரை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அவருடைய கட்சி. டெல்லியும் பெங்களூரும் இருக்க, இந்தக் கடை ஏன் திருவனந்தபுரத்தில் விரிக்கப்பட்டது? கூட்டம் போட்டு வாதாடும் ஊர் என்பது பாதி பதில். மீதிப் பதில் பள்ளிக்கூடங்களில் கிடைத்தது.

விண்வெளி விஞ்ஞானி யு.ஆர்.ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டம் அந்தக் காலகட்டத்தில்தான் பிறந்தது. முதலில் அதுவும் மற்ற மாநிலங்களைப் போல, விலை கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேரையே நம்பியிருந்தது. ஒரே ஒரு கம்பெனியின் பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர் கல்வியா என்று ஆசிரியர்களும் சுதந்திர மென்பொருள் ஆர்வலர்களும் சண்டைக்கு வந்தார்கள். திட்டம் திசை மாறியது. பள்ளிக் கம்ப்யூட்டர்கள் படிப்படியாக லினக்ஸுக்கு வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது லினக்ஸ் அல்ல, ஆசிரியர்கள். கம்ப்யூட்டர் பாடத்தை அப்படியே ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்து, அவர்களே ஆளையும் அனுப்பட்டும் என்று விட்டுவிடுவது அன்றைக்குப் பல மாநிலங்களின் வழக்கம். ஒப்பந்தம் முடிந்தால் ஆளும் போய்விடுவார், கம்ப்யூட்டர்கள் மீது தூசு படியும். கேரளம் தன் கணக்கு வாத்தியாரையும் இயற்பியல் டீச்சரையுமே உட்கார வைத்துப் பழக்கியது. அவர்களில் தேர்ந்தவர்கள் மற்றவர்களுக்குப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். பள்ளிகளுக்கென்று ஒரு லினக்ஸ் பதிப்பு முதலில் டெபியனை வைத்தும் பிறகு உபுண்டுவை வைத்தும் உள்ளூரிலேயே தயாரானது. பாடப் புத்தகங்கள் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளிவருகின்றன. எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளிகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

2017-ல் இந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2019-ல் புதிய லினக்ஸ் பதிப்பு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குப் போனபோது, உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றது கைட். எல்லா சாஃப்ட்வேரையும் முழு விலைக்கு வாங்கியிருந்தால் என்று போடப்பட்ட கணக்கு அது. அந்த விலைக்கு எந்த அரசும் வாங்கியிருக்காது. பாதியைத் தள்ளினாலும் தொகை பெரிதுதான். 2020 ஜூனில் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது விக்டர்ஸ் டி.வி. மூலம் உடனே வகுப்பு நடத்த முடிந்ததற்கும், 2025-ல் 10-ம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் ரோபாட்டிக்ஸ் பாடம் வந்ததற்கும் அஸ்திவாரம் இந்த ஆசிரியர் படைதான்.

தமிழ்நாடும் முயலாமல் இல்லை. 2007 வாக்கில் எல்காட் நிறுவனம் சி.உமாசங்கர் தலைமையில் லினக்ஸுக்கு மாறியது. அரசுக்கான 'பாஸ்' லினக்ஸ் உருவானதே சென்னை சி-டாக்கில். ஆனால் அதிகாரி மாறினால் கொள்கையும் மாறிவிடும் என்பதுதான் நம் ஊர் அனுபவம். கேரளத்தில் ஆட்சி மாறி மாறி வந்தும் பள்ளி லினக்ஸ் பிழைத்தது. பழகிவிட்ட ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை மாற்ற உத்தரவு போட முடியாதல்லவா?

வளரும் நாடுகளுக்கு சாஃப்ட்வேர் ஆராய்ச்சியைக் கற்றுக்கொடுக்க ஐ.நா. பல்கலைக்கழகம் 1992-ல் மக்காவில் ஒரு நிறுவனம் தொடங்கியது. முதல் இயக்குநர் டென்மார்க்கின் டீனஸ் பியோர்னர். வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். சீன ரயில் போக்குவரத்து, வியட்நாம் நிதித் துறை என்று தங்கள் நாட்டுப் பிரச்னைகளையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். திருவனந்தபுரம் எதிர்த் திசையில், அடியிலிருந்து ஏறியது. அதன் பலவீனமும் அங்கேதான். பள்ளியில் லினக்ஸ் பழகிய பிள்ளை பொறியியல் முடித்ததும் பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறது. ஆராய்ச்சிக்கென்று இருப்பவை சில இடங்களே: வேகா என்ற மைக்ரோபிராசஸரை உருவாக்கிய சி-டாக், 2011 முதல் இயங்கும் ஐ.சி.ஃபாஸ், 2021-ல் திறக்கப்பட்ட டிஜிட்டல் பல்கலைக்கழகம்.

இவற்றுக்கு வெளியே, சம்பளமில்லாத தொண்டர்களின் ஒரு கூட்டம் உண்டு. பெயர், 'சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்'. 2002-ல் தொடங்கியது. மலையாள எழுத்துருக்களைச் செய்து இலவசமாகத் தருகிறது, கே.எச்.ஹுசைன் வடிவமைத்த 'மீரா இனிமை' என்ற தமிழ் எழுத்துருவும் இவர்கள் கொடுத்ததுதான். மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்குத் தனிக் குறியீடு கொடுக்க யூனிகோடு அமைப்பு முற்பட்டபோது, இவர்கள் வரிக்கு வரி எதிர்த்து வாதாடினார்கள். 2008-ல் தோற்றார்கள். இன்றும் ஒரே சில்லை இரண்டு விதமாகக் கம்ப்யூட்டரில் எழுத முடிகிறது. தேடும்போது இரண்டும் ஒன்றுதான் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.