மீன்கொத்தியின் நீலம் எங்கே போனது?

போன மாதம் ஊருக்குப் போனபோது, நான் எடுத்த பறவைப் படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக்கி, பெரிதாகப் பிரிண்ட் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "என்ன குருவிடா இது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அது வெண்மார்பு மீன்கொத்தி. எங்கள் கிணற்றடிக் கம்பியில் தினமும் வந்து உட்காரும் பறவை. சின்ன வயதில் எனக்கு அதைக் காட்டிக் கொடுத்ததே அவர்தான்.

முதலில் அவர் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். ராத்திரி படத்தைத் திறந்து பார்த்தால் தப்பு என்னுடையது. தலையும் முதுகும் ஒரே சாம்பலில் ஒட்டிக் கிடந்தன. நிறத்தை எடுத்துவிட்டால் அங்கே இருந்தது ஏதோ ஒரு கொழுத்த குருவிதான்.

காரணம் கணக்கில் இருக்கிறது. படத்தை மாற்ற நான் பைத்தானில் பில்லோ நூலகத்தின் ஒற்றை வரிக் கட்டளையைப் போட்டிருந்தேன். அது ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பை 0.299ஆலும், பச்சையை 0.587ஆலும், நீலத்தை 0.114ஆலும் பெருக்கிக் கூட்டும். பழைய கலர் டிவி தரத்திலிருந்து வந்த எண்கள் இவை. நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் மங்கலாகவும் தெரியும் என்பதால் இந்த ஏற்றத்தாழ்வு.

என் படத்தில் தலையின் பழுப்பு 120, 60, 40. முதுகின் நீலம் 20, 85, 175. பெருக்கிப் பாருங்கள், இரண்டுமே 76! எதிரெதிர் நிறங்கள், ஒரே விடை. நீலத்துக்குக் கிடைத்த பங்கே பதினோரு சதவீதம்தானே, மீன்கொத்தி என்ன செய்யும்?

அதனால் பங்கை மாற்றினேன். ஜிம்பில் மோனோ மிக்ஸர், லைட்ரூமில் நிறவாரியான ஸ்லைடர்கள் என்று எல்லா மென்பொருளிலும் இதற்கு வழி உண்டு. முதலில் ஆசையில் நீலத்தை மட்டும் வைத்தேன். முதுகு பளிச்சென்று வந்தது, ஆனால் சிவப்பு அலகு தலையோடு சேர்ந்து இருண்டுபோனது. அலகில்லாத மீன்கொத்தி! கடைசியில் சிவப்பு 0.3, பச்சை 0.1, நீலம் 0.6 என்று நின்றேன். தலை 66, அலகு 86, முதுகு 120 வாக்கில் வந்தன. மூன்றையும் கூட்டினால் 1 வரவேண்டும், இல்லாவிட்டால் மார்பின் வெள்ளை வெள்ளையாக இருக்காது.

இதற்கு விலை உண்டு. பெரும்பாலான கேமரா சென்சார்களில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசிதான் நீலத்துக்கு. நீலத்தை ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படம் மணல் கொட்டியதுபோல் ஆகிவிடும். ஜேபெக்கில் இதைச் செய்யவே கூடாது. ரா கோப்பிலிருந்து 16 பிட்டில் செய்யுங்கள்.

இப்படி மாற்றுவது ஏமாற்று வேலை இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். பிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் ஃபில்டர் மாட்டி நீல வானத்தை இருட்டாக்கினார்களே, அதுவும் இதுதான். நம்மூர் மா. கிருஷ்ணன் (1912–1996) பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே காட்டை எடுத்தவர். அவருக்கு யானையின் தோல் நிறமும் பின்னாலிருக்கும் மூங்கிலும் எந்தச் சாம்பலாக விழும் என்று படம் எடுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். நமக்கு வீட்டில் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். என் கட்டுப்பாடு ஒன்றே: பங்கு எதுவானாலும் படம் முழுக்க ஒன்றாக இருக்கவேண்டும். இறகை மட்டும் தேர்ந்தெடுத்து வெளுப்பதை நான் செய்வதில்லை.

இந்த விதியால் தோற்ற படமும் உண்டு. பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு பச்சைப் பஞ்சுருட்டான். பறவையும் இலையும் ஒரே நிறம், ஒரே வெளிச்சம். எந்தப் பங்கை வைத்தாலும் சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன. அதைக் கலரிலேயே விட்டுவிட்டேன்.

மீன்கொத்தியின் புதுப் பிரிண்டை நேற்றுதான் அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். என்ன பறவை என்று பின்பக்கம் எழுதவில்லை.