கண்ணாடிக்கு ஊர் கிடையாதா?

உளப்பகுப்பாய்வாளர் கண்ணாடிபோல் இருக்க வேண்டும், நோயாளி காட்டுவதைத் தவிர வேறெதையும் காட்டக்கூடாது என்று 1912இல் எழுதினார் ஃப்ராய்ட். இந்த மௌனத்தை வெறும் தொழில் ஒழுக்கமாக வாசிக்க முடியாது. ஒருவர் எல்லாவற்றையும் கொட்ட, இன்னொருவர் எதையும் தராமல் குறித்துக்கொள்வது அதிகாரமும்தான். ஃப்ராய்டின் நெருங்கிய சகா ஃபெரென்சி இதைக் கவிழ்த்துப் பார்த்தார். எலிசபெத் செவர்ன் என்ற நோயாளியிடம் தானே நோயாளியாகி மனம் திறந்தார். 1932ஆம் வருட நாட்குறிப்பில் அது பதிவாகியிருக்கிறது. அங்கே ஒரு சிக்கல்: மனசில் வருவதையெல்லாம் சொன்னால் மற்ற நோயாளிகளின் ரகசியமும் வெளியே வந்துவிடுமே!

நம்முடைய 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. சரி. ஆனால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு வருகிற ஒருவர் ‘நீங்க எந்த ஊருங்க சார்?’ என்று கேட்டால் அது வெட்டிப்பேச்சா? ஊர், சேரி என்று பிரிந்து கிடக்கிற மண்ணில், சாதியால் அடிபட்டவர் தன் காயத்தை யாரிடம் காட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். அந்தக் கேள்வியையும் ‘நோய்க்கூறு’ என்று குறித்துக்கொள்வது வன்முறை. பதில் சொல்லாவிட்டாலும், ஏன் சொல்லவில்லை என்றாவது மருத்துவர் சொல்லியாக வேண்டும். அதற்காகத் தன் கல்யாணக் கதை, கடன் கதையை எல்லாம் அவிழ்த்துவிட்டால்? அப்புறம் நோயாளிதான் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.