கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: மலைப்பாதை தொடங்கிவிட்டால் எந்த வண்டியானாலும் ஊர்ந்துதான் ஏறவேண்டும். தண்ணீர் நிரப்பிய தீயணைப்பு வண்டிக்கும் அதே கதிதான். கல்வராயன் மலையில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. நள்ளிரவில் அப்படியொரு விடுதியில் சுவிட்ச் போர்டு கருகத் தொடங்கினால், கீழிருந்து உதவி வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் வெளியே வந்திருக்க வேண்டும். அதற்கு அவர்களை யாராவது எழுப்ப வேண்டும்.

எல்லாத் தீயையும் அலாரம் தடுத்துவிடாது. 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளி நெருங்கிய நேரத்தில், சங்கராபுரம் பட்டாசுக் கடையில் பற்றிய தீ கண்ணிமைக்கும் நேரத்தில் உயிர்களைப் பறித்தது. வெடிமருந்து இருக்கும் இடத்தில் எச்சரிக்கைக்கு அவகாசமே கிடையாது. மனிதர்கள் உறங்கும் விடுதியும் நோயாளிகள் படுத்திருக்கும் வார்டும் வேறு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சமையற்கூடத்திலிருந்து கீற்றுக்கூரைக்குத் தாவியது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கொட்டகைகளை அகற்றச் சொன்னார்கள், கான்கிரீட் வந்தது. கான்கிரீட் கட்டடத்தில் மெத்தையும் ஒயரும் கருகும்போது, தீ நெருங்குவதற்கு முன்பே புகை மூச்சை அடைத்துவிடும். ஆகவே புகையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

கூரையில் வட்டமாக ஒட்டியிருக்கும் ஸ்மோக் டிடெக்டருக்குள் ஓர் இருட்டறை. அதில் ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி.; அதன் நேர்ப்பார்வையில் படாமல் ஓர் ஒளி உணரி. புகை நுழைந்தால் துகள்களில் பட்டு ஒளி சிதறி உணரியில் விழும். சிலந்தி வலை பின்னினாலும் அதேதான் நடக்கும். மார்கழிப் பனிமூட்டம் திறந்த ஜன்னல் வழியே வந்து உள்ளே ஈரமாகப் படிந்தாலும் அலாரம் அடிக்கலாம். விறகடுப்பு எரியும் சமையற்கூடத்தில் இதைப் பொருத்தினால் தினமும் காலையில் அலறும். ஒரு வாரத்தில் யாராவது அணைத்து வைத்துவிடுவார்கள். அங்கே வெப்பத்தை உணரும் டிடெக்டர்தான் சரி.

இவை எல்லாம் வந்து சேரும் இடம்தான் பேனல். தீயின்போது அலறவைப்பது அதன் வேலைகளில் ஒன்று. மற்ற எல்லா நாளும் தன் ஒயர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது. சாதாரண வகைப் பேனலில் கட்டடத்தைப் பகுதிகளாக, அதாவது சோன்களாக, பிரிப்பார்கள். ஒவ்வொரு சோனிலும் டிடெக்டர்கள் வரிசையாக இணைக்கப்பட்டு, கடைசி டிடெக்டரின் அடித்தட்டில் விரல் நுனியளவே உள்ள ஒரு ரெசிஸ்டர் மாட்டப்படும். 24 வோல்ட்டில் 4.7 கிலோ ஓம் என்றால் சுமார் 5 மில்லி ஆம்பியர் எந்நேரமும் ஓடும். பேனலுக்குப் பேனல் இந்த மதிப்பு மாறும். ஓட்டம் கூடினால் தீ. நின்றுபோனால் ஒயர் அறுந்துவிட்டது என்று பொருள். எலி கடித்தாலும் ஆணி அடித்தாலும் பேனலில் மஞ்சள் விளக்கு எரியும்.

தவறு நடப்பதும் இங்கேதான். வீட்டு ஒயரிங் பழக்கத்தில் நடுவழியில் ஒரு கிளை பிரித்து இன்னோர் அறைக்கு டிடெக்டர் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கிளை அறுந்தால் பேனலுக்குத் தெரியவே தெரியாது. ரெசிஸ்டர் வேறு பாதையின் முனையில் அல்லவா இருக்கிறது! அதைவிட மோசம், ஏணியில் ஏறச் சோம்பி ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே முறுக்கிவிடுவது. பிறகு கட்டடத்து ஒயர் முழுவதும் அறுந்து கிடந்தாலும் பச்சை விளக்கு எரியும்.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய வளாகங்களுக்கு, ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி எண் கொடுத்து எந்த அறை என்று சொல்லும் பேனல்தான் பொருந்தும். அதில் ஒயர் பேனலில் கிளம்பிப் பேனலுக்கே திரும்பும். ஓரிடத்தில் அறுந்தாலும் இரு பக்கமிருந்தும் செய்தி வரும். சிறிய விடுதிக்கு நான்கைந்து சோன் போதும். ஆனால் ஒரே சோனை இரண்டு மாடிகளுக்கு இழுக்கக்கூடாது. பேனலுக்குப் பக்கத்தில் கட்டட வரைபடம், தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவரும் வார்டன் 'சோன் 3' என்று படித்து என்ன செய்வார்? 'மாடி, மேற்குப் பக்க அறைகள்' என்று இருந்தால் நேரே அங்கே ஓடுவார். பூட்டிய அலுவலக அறைக்குள் பேனலை வைத்திருந்தால் அதுவும் வீண்.

இனி பேட்டரி. மின்சாரம் போனாலும் 24 மணி நேரம் விழித்திருந்து, அதன்பின் அரை மணி நேரம் அலறும் கருவியான ஹூட்டரை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. சும்மா இருக்கையில் அரை ஆம்பியர், அலறுகையில் இரண்டு ஆம்பியர் எடுக்கும் பேனலுக்கு 12-உம் 1-உம் சேர்த்து 13 ஆம்பியர்-மணி; தேய்மானத்துக்குக் கால் பங்கு கூட்டினால் 16-ஐத் தாண்டும். 18 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைக்கலாம். இருக்கும் இடத்தின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வெயில் படும் சுவரில் பெட்டியை மாட்டாதீர்கள். மலைமேல் இடி மின்னலும் சேர்ந்துகொள்ளும். நல்ல எர்த்திங்கும் மின்னெழுச்சித் தடுப்பானும் இல்லாவிட்டால் ஒரே மழையில் பேனல் போய்விடும்.

வேலை முடிந்தது என்று ஒப்பந்தக்காரர் சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு சோனிலும் ஒரு டிடெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். மஞ்சள் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாத சோனில் ஒயரைத் திரும்ப இழுக்கச் சொல்லுங்கள். பிறகு மெயினை அணைத்து, ஒரு நாள் முழுக்கப் பேட்டரியில் ஓடவிட்டு, மறுநாள் பிள்ளைகள் படுக்கும் அறைகளின் கதவுகளைச் சாத்திக்கொண்டு ஹூட்டரை ஒலிக்கவிடுங்கள். எந்த அறையில் சத்தம் மங்குகிறதோ அங்கே இன்னொரு ஹூட்டர் தேவை.