உறைபனியில் டிராக்டரை எழுப்பும் சூடு

நம் நாட்டில் சாவியைத் திருப்பியதும் இயந்திரம் உறுமும். கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் ஜனவரிக் காலையில் அப்படி நடக்காது. வெப்பநிலை சில நாள்களில் -30 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் மாடுகளுக்கு அன்றைக்கும் தீவனம் போயாக வேண்டும். பல நூறு கிலோ எடையுள்ள உலர்புல் கட்டுகளைத் தூக்க டிராக்டர் தேவை.

அது ஏன் கிளம்ப மறுக்கிறது? டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்றை அழுத்தும்போது எழும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. இரும்புச் சுவர் குளிர்ந்து கிடந்தால் அந்த வெப்பத்தை உறிஞ்சிவிடும். என்ஜின் எண்ணெயும் கெட்டியாகும். பேட்டரியின் வலுவும் குறையும்.

இதற்குத் தீர்வு ‘பிளாக் ஹீட்டர்’. மின் கெட்டலில் உள்ளதைப் போன்ற சூடேற்றி அது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவத்தில் மூழ்கியிருக்கும். சூடான திரவம் மேலே எழ, குளிர்ந்தது கீழே இறங்க, இயந்திரம் மெல்லச் சூடேறும். அமெரிக்காவின் வட டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃபிரீமன், போல்ட் வடிவச் சூடேற்றி ஒன்றுக்கு 1949இல் காப்புரிமை பெற்றார்.

இரவு முழுவதும் மின்சாரம் செலவாகுமா? தேவையில்லை. சில மணி நேரத்தில், உள்ளே செல்லும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகிவிடும். அதன்பின் சூடு கூடாது, கட்டணம்தான் கூடும். அதனால் விடியலுக்குச் சில மணி நேரம் முன்பு இயங்கும்படி டைமர் வைக்கிறார்கள்.

கனடாவில் வாகனத்தின் முன்புறம் மின்கம்பி தொங்குவதைக் கண்டால், மின்சார வாகனம் என்று எண்ணிவிடாதீர்கள். அது இயந்திரத்துக்கான ‘கம்பளி’!