மண்வள அட்டையில் இல்லாத குரோமியம்

ஒன்றிய அரசு 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 அளவீடுகளைத் தருகிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம். துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். இவற்றோடு கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், அங்ககக் கரிமம். எவ்வளவு உரம் இடுவது என்று அறிய விரும்பும் உழவருக்கு இது பயன்படும். பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த நிலத்தை வைத்திருப்பவருக்குப் போதாது. அவருடைய மண்ணைக் கெடுத்த சோடியமும் குரோமியமும் இப்பட்டியலில் இல்லை. அரசு முத்திரையிட்ட அந்த அட்டையை நம்பி வழக்காடச் செல்பவர், தம் நிலத்துக்கு உரம் குறைவு என்பதை மட்டுமே மெய்ப்பிப்பார்.

எனவே, மண்ணில் என்ன நிகழ்ந்தது என்பதை வழக்கறிஞர்களாகிய நாம் முதலில் கற்க வேண்டியிருக்கிறது. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுகிறார்கள். ஆலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. களிமண் துகள்கள் கால்சியத்தைப் பற்றியிருக்கும்வரை குருணை குருணையாகச் சேர்ந்து நிற்கும். இடையிலுள்ள துளைகளில் நீரும் காற்றும் செல்லும். உப்புநீர் தொடர்ந்து பாயும்போது சோடியம் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அவ்விடத்தைப் பிடிக்கிறது. குருணைகள் பிரிந்து துளைகளை அடைக்கின்றன. மழை பெய்தால் நீர் இறங்காது; காய்ந்தால் மேற்பரப்பு ஓடுபோல் இறுகும். இதுவே களர். இதற்கு மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். ஆனால், வெளியேறிய சோடியத்தை வேருக்குக் கீழே இறக்கிக் கழுவ நல்ல நீர் வேண்டும். கிணறே உப்பாகிவிட்ட ஊரில் அந்த நீருக்கு எங்கே போவது? மானியத்தில் ஜிப்சம் வழங்குவதாக அறிவிப்போர் இக்கேள்விக்கு விடை சொல்வதில்லை.

குரோமியத்தின் தன்மை வேறு. தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் மண்ணோடு பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும், எளிதில் நகராது. அறுயிணைதிறக் குரோமியமோ நீரில் கரைந்து நிலத்தடிக்குச் செல்லும், புற்றுநோயை உண்டாக்கும். இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக் குவியலில் அஞ்சத்தக்கது இந்த இரண்டாம் வகையே. ஆய்வறிக்கை ‘மொத்தக் குரோமியம்’ என்று ஒற்றை எண்ணைத் தந்தால் எதிர்த்தரப்பு அதையே கேடயமாக்கும். இரண்டையும் தனித்தனியே அளக்கக் கேட்பது நம் கடமை.

கழிவுநீரை இரவில், மழைநாளில் திறந்துவிடலாம். அதிகாரி வந்து மாதிரி எடுக்கும்போது வாய்க்கால் தெளிந்திருக்கும். மண் அப்படியன்று. பல ஆண்டுகள் பாய்ந்ததை அது அடுக்கடுக்காக வைத்திருக்கும்.

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை, ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்ற கோட்பாட்டுக்காகச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறோம். தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கண்டறிதலும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. தீர்ப்பை அடுத்து அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் 2001இல் 15,164.96 ஹெக்டேருக்கு, 29,193 பேருக்கு, 26.82 கோடி ரூபாய் நட்டஈடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் தலையிட்டு நட்டஈட்டுக்கும் சீரமைப்புக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இக்கணக்கில் நம் மக்கள் எங்கே இருக்கிறார்கள்? நட்டஈட்டை ஹெக்டேரில் அளந்தால் அது பட்டாவைத் தேடியே செல்லும். சிட்டாவிலும் அடங்கலிலும் பெயரில்லாமல் அந்நிலத்தில் நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்துப் பிழைத்த சேரிப் பெண்களுக்கு இழப்பு இல்லை என்றாகிவிடுகிறது. வயல் களரானால் முதலில் போவது அவர்களின் கூலி வேலை. பிறகு அதே ஆலையில் சுண்ணாம்புத் தொட்டியிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கும் வேலைதான் மிஞ்சுகிறது. பஞ்சமி நிலம் வைத்திருப்போர்க்கு இடர் வேறு வடிவில் வருகிறது. 1892ஆம் ஆண்டு அரசாணையின் வழி வந்த அந்நிலத்தைப் பிறர் வாங்கினால் செல்லாது. ஆனால், விளையாத நிலம் தரிசாகக் கிடக்கும்போது ஆக்கிரமிப்புக்குக் கதவு திறக்கிறது.

சட்டத்திலும் மண்ணுக்கு இடம் குறைவு. நீருக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டமும் காற்றுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. மண்ணுக்கென்று தனிச்சட்டம் இல்லை. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையில் ‘நிலம்’ ஒரு சொல்லாக இருக்கிறது. மாசடைந்த இடங்களை மேலாள்வதற்கான விதிகளே 2025 ஜூலையில்தான் வந்தன. பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1), நம் மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பதைக் குற்றமென வெளிப்படையாகச் சொல்கிறது. மண்ணைக் கெடுப்பதை அவ்வாறு பெயரிட்டுச் சொல்லவில்லை. நில உரிமையை அனுபவிக்கவிடாமல் தடுப்பதும் அதே பிரிவில் குற்றம்தான். களராக்குவதும் அவ்வாறான தடுப்பே என்று வாதிட இடமுண்டு என்பது நம் கருத்து. அவ்வாதத்தைத் தாங்க மண் அறிக்கை வேண்டும்.

அதைப் பெறும் முறையில் கவனம் தேவை. உரப் பரிந்துரைக்காக 15 செ.மீ. ஆழத்தில் எடுக்கும் மேல்மண் மட்டும் போதாது. 15 முதல் 30, 30 முதல் 60 செ.மீ. ஆழங்களிலும் தனித்தனியே எடுக்க வேண்டும். கழிவுநீர் பாயாத, அதே வகை மண்ணுள்ள அண்டை நிலத்திலும் ஒரு மாதிரி எடுக்காவிட்டால், ‘இது இயற்கையிலேயே களர் நிலம்’ என்பார்கள். குரோமியம் பூசிய கருவிகளைத் தவிர்க்க வேண்டும். மாற்றத்தகு சோடியத்தின் விழுக்காட்டையும் கேட்டுப் பெற வேண்டும். சுற்றுச்சூழல் சட்டத்தின் 11ஆம் பிரிவு வகுத்த நடைமுறையின்படி அதிகாரி எடுக்கும் மாதிரிக்குள்ள சட்ட மதிப்பு நாம் எடுப்பதற்கு இராது. ஆயினும், பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளால் கட்டுண்டதன்று. கூட்டு ஆய்வுக்கு உத்தரவு கேட்க நம் அறிக்கை உதவும். நட்டஈடு கோருவதற்கான ஐந்தாண்டுக் காலவரம்பு, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. ஆகவே, மண் வெளுக்கத் தொடங்கிய பருவத்திலேயே முதல் மாதிரியை எடுத்து, நாளும் புல எண்ணும் குறித்து, கிராம சபைத் தீர்மானத்தோடு மாவட்ட ஆட்சியருக்கு விரைவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும்.